மதிலடி ஓட்டைகளை அடைத்த வெள்ளிக்கிழமை

"வெள்ளிக்கிழமை, அஸர் தொழுகைக்குப் பின், பள்ளிவாசல் மேல்மாடி. ஒழுங்கையின் வளவு உரிமையாளர்கள் எல்லாரும் சமூகமளித்திருந்தனர். வடிகான் அமைப்பதற்காக ஒவ்வொரு வளவிலும் மதிலை இரண்டு அடி உள்ளே எடுத்துக் கட்ட ஏகமனதாக இணங்கப்பட்டது. ஸலவாத்துடன் கூட்டம் நிறைவுற்றது. வானிலை: வெயில், மாலையில் தெற்குக் காற்று."

சென்ற ஆண்டு செப்டம்பர் மாதத்தில் எழுதப்பட்ட இந்தக் கூட்டக் குறிப்பு என் கையெழுத்தில் இருக்கிறது. கூட்டக் குறிப்பில் வானிலையை எழுதச் சொல்லி எவரும் கேட்பதில்லை. என் பழக்கம் அது. திகதி, ஹிஜ்ரித் திகதி, காற்று, மழை இவற்றைக் குறிக்காமல் எதையும் எழுத எனக்கு வராது. இந்தக் குறிப்பில் திகதி சரி, காற்றும் சரி, ஸலவாத்தும் ஓதப்பட்டது. உரிமையாளர்களைப் பற்றிய வாக்கியம் மட்டும் பொய். பொய் என்று தெரியாமலே எழுதினேன். தெரியாமல் இருக்க வழியே இல்லாத ஒன்று எப்படித் தெரியாமல் போனது என்பது இன்றும் எனக்கு விளங்கவில்லை.

கல்முனையில் பிரதான வீதியிலிருந்து கடற்பக்கமாக இறங்கும் ஒழுங்கைகளில் எங்களுடையதும் ஒன்று. அது தோணாக் கரையில் முடிகிறது. ஊர்த் தண்ணீரெல்லாம் வந்து சேர்ந்து, கடலுக்குள் போக வழி பார்த்துக் கிடக்கும் ஒடுங்கிய நீர்நிலையைத்தான் தோணா என்கிறோம். முன்பு இந்த ஒழுங்கை முழுவதும் ஒரே வளவாக, ஒரே குடும்பத்துக் காணியாக இருந்தது. எங்கள் பக்கத்தில் பெண்பிள்ளைக்கு ஒரு வீடு கொடுக்காமல் கலியாணம் நடப்பதில்லை. மாப்பிள்ளை வந்து அந்த வீட்டில் குடியிருப்பார். ஆகவே அந்த ஒரு வளவு ஒரு தாயின் பெண்மக்களுக்குப் பிரிந்து, பிறகு அவர்களுடைய பெண்மக்களுக்கும் பிரிந்து, இப்போது ஓர் ஓட்டோ உள்ளே வந்தால் திரும்ப முடியாமல் பின்பக்கமாகவே வெளியேற வேண்டிய ஒழுங்கையாகிவிட்டது. ஜனாஸாவைச் சுமந்து போகும்போது ஒரு திருப்பத்தில் சந்தூக்குப் பெட்டியைச் சரிக்க வேண்டியிருக்கிறது. சரித்துப் பிடித்த கைகளில் என் கையும் இருந்திருக்கிறது. அந்த நேரத்தில் எவரும் எவருடைய முகத்தையும் பார்ப்பதில்லை.

கலியாணத்துக்கு ஒரு வீடு, வீட்டைச் சுற்றி ஒரு மதில். மதிலுக்குள் இருந்த மணலுக்கு முதலில் சீமெந்து பூசினோம், வசதி வந்தபோது தரை ஓடு பதித்தோம். எவ்வளவு மழை பெய்தாலும் குடித்துவிடும் மணல் அது. மூடிய பிறகு முற்றத்துத் தண்ணீர் வெளியே போக வேண்டுமென்று ஒவ்வொரு மதிலின் அடியிலும் ஓர் ஓட்டை விட்டோம். ஓட்டைகளெல்லாம் ஒழுங்கைக்குள் திறந்தன. ஒழுங்கை தோணாவைப் பார்த்துச் சரிந்தது. தோணாக் கரையையோ வேறு ஆட்கள் மண் கொட்டி உயர்த்திவிட்டார்கள். ஆகவே ஒழுங்கையின் தண்ணீர் முழுவதும் கடைசி வீட்டு வாசலில் வந்து நின்றது.

கடைசி வீடு என் மனைவியின் சாச்சி மகளுடையது. எனக்கு முறைக்கு மச்சி. அவருடைய கணவர் கட்டாரில் சாரதி. அவர் அனுப்பிய பணத்தில் மச்சி நின்று கட்டுவித்த வீடு அது. ஒரு வருடம் அறை, மறு வருடம் கூரை, பிறகு யன்னல்கள் என்று எழுந்தது. மூத்த மகளுக்குரிய வீடு. மகளுக்கு சம்மாந்துறையிலிருந்து ஒரு சம்பந்தம் வந்திருந்தது. நெல் ஆலைக் குடும்பம், பையன் வங்கியில் வேலை. எல்லாம் பேசி முடிந்த நேரத்தில் பையனின் தாய் ஒன்று சொல்லிவிட்டுப் போனார்: "ஊடு நல்ல ஊடுதான். மாரி துவங்கின பொறகு ஒருக்கா வந்து பாக்கம்." எங்கள் ஒழுங்கையின் பெயர் சம்மாந்துறை வரைக்கும் போயிருந்தது.

அதனால் மாரி மழைக்கு முன் வடிகான் வேண்டும். மச்சி என்னிடம்தான் வந்து கேட்டார். நான் நீர்ப்பாசன வேலைகளில் படவரைஞனாக இருந்து ஓய்வு பெற்றவன். இறக்காமம் பக்கத்து வாய்க்கால்கள் பலவற்றைக் கடதாசியில் கீறியிருக்கிறேன். கடல் மட்டத்துக்குக் கீழே இருக்கிற நாட்டு நகரங்கள் தண்ணீரோடு எப்படி வாழ்கின்றன என்றும், பெய்த மழையைப் பெய்த இடத்திலேயே தேக்கி வைக்க வேண்டுமென்று இப்போது திட்டமிடுபவர்கள் சொல்வதையும் வாசித்து வைத்திருக்கிறேன். மாநகர சபைக்கு நான் எழுதிய விண்ணப்பத்தின் முதல் பந்தி நிலைபேறான நகரம் பற்றியது. மக்கள் பங்கேற்பு பற்றியது இரண்டாம் பந்தி. இரண்டையும் சத்தமாக வாசித்துப் பார்த்துத் திருத்தினேன்.

கூட்டத்தில் எங்கள் ஒழுங்கை ஆண்கள் எல்லோரும் இருந்தோம். பள்ளி நிர்வாகத்தில் எங்கள் தாய்வழிக் குடியின் பிரதிநிதியாக இருக்கும் மரைக்கார் தலைமை தாங்கினார். அவர் என் எதிர்வீட்டுக்காரர், நல்ல வாய்ச்சாலகர். கடைசி வீட்டிலிருந்து மட்டும் எவரும் வரவில்லை. அந்த வீட்டு ஆண் கட்டாரில் இருக்கிறாரே. வீட்டிலிருந்து வந்தது ஒரு பேசின் நிறையக் கட்லட்டும் ஒரு கேத்தல் தேத்தண்ணியும்தான். இரண்டு அடி என்றதும் சிலர் தலையைச் சொறிந்தார்கள். மரைக்கார் கட்லட்டை வாயில் வைத்துக்கொண்டே சொன்னார்: "அந்தப் புள்ளட கட்லட்டத் திண்டுட்டு கையத் தூக்காட்டி ஹறாமாப் போகும். தூக்குங்க பாப்பம்."

எல்லோரும் சிரித்துக்கொண்டு கையைத் தூக்கினார்கள். நானும் தூக்கினேன். பிறகு குறிப்பை எழுதினேன்.

சபையிலிருந்து தொழில்நுட்ப உத்தியோகத்தர் வந்தது அதற்குப் பின்னான ஒரு புதன்கிழமை. பாண்டிருப்பைச் சேர்ந்த இளம் பெண். தோளில் பை, கையில் அளவு நாடா, காலில் சப்பாத்து. ஒழுங்கையை மேலிருந்து கடைசி வரை நடந்து பார்த்துவிட்டு மரைக்கார் வீட்டு முன்மண்டபத்தில் வந்து உட்கார்ந்தார். என்னுடைய படத்தை விரித்துப் பார்த்து நன்றாயிருக்கிறது என்றார். எனக்குச் சந்தோஷம்.

"குழாயும் மூடியும் தரலாம் சேர், வெட்டுற மெசினும் வரும். காணி விட்டுக் குடுக்கிறதுக்கு உரிமையாளர்மாரிட கையெழுத்துத்தான் வேணும். காணி உறுதிக் கொப்பியள ஒருக்காக் காட்டுங்க."

மரைக்கார் உள்ளே போய்த் தன் வீட்டு உறுதியைக் கொண்டுவந்து பெருமையோடு நீட்டினார். உத்தியோகத்தர் வாசித்தார்.

"இது ஒரு அம்மாட பேரில இரிக்கு."

"ஓம் மிஸ், அது எங்கட ஊட்டுக்காரி."

"அவங்க கூட்டத்துக்கு வந்தவங்களா?"

"அவக்கு என்ன கூட்டம்? நான் போனன்தானே."

அடுத்தவருடைய உறுதி. அதிலும் பெண்ணின் பெயர். அதற்கடுத்ததிலும் அப்படியே. என்னுடையதை நான் நீட்டியபோது, அதில் என்ன இருக்கிறதென்று நீட்டுகிற கைக்குத் தெரிந்துவிட்டது. சீதன வீடு பெண்ணின் பெயரில் எழுதப்படும் என்பது எங்கள் ஊரில் பிள்ளைகளுக்கும் தெரியும். ஒவ்வொருவருக்கும் அவரவர் வீட்டைப் பற்றித் தெரிந்திருந்தது. எல்லோரும் ஓரிடத்தில் உட்கார்ந்தபோது மட்டும் அது எவருக்கும் தெரியாமல் போயிற்று.

உத்தியோகத்தர் பேனையை மூடினார். சிரிப்பை அடக்குகிறார் என்று தெரிந்தது. "சேர், ‘உரிமையாளர்கள் எல்லாரும் சமூகமளித்தனர்’ எண்டு போட்டிரிக்கு. உரிமையாளர் ஒராள் சரி வந்தாங்களா?"

நான் படத்தைச் சுருட்டத் தொடங்கினேன். மரைக்கார்தான் பதில் சொன்னார்: "மிஸ், எழுதின ஆளக் கேளுங்க. நாங்க எல்லாரும் இந்த ஒழுங்கைக்கு விருந்தாளியள். வந்து முப்பது நாப்பது வருஷமாச்சி, இன்னும் எழும்பிப் போகல்ல."

மண்டபத்தில் எல்லோரும் சிரித்தார்கள். உள்ளறைக் கர்ட்டினுக்குப் பின்னாலும் சிரிப்புக் கேட்டது. கர்ட்டினுக்குப் பின்னால் இருந்த சிரிப்பு நெடுநேரம் நீடிக்கவில்லை. அங்கே என் மனைவியும் இருந்தார் என்று எனக்குப் பிறகுதான் தெரியும்.

அன்று மாலை இணக்கப் படிவத்தை மனைவியிடம் கொடுத்தேன். கையெழுத்து வைக்கிற இடத்தில் பென்சிலால் ஒரு புள்ளடியும் போட்டிருந்தேன்.

"இஞ்ச பாரு புள்ள, இதில ஒரு கையெழுத்து வெச்சிரு."

"என்னத்துக்கு?"

"கானுக்கு. நான் சொன்னன்தானே."

"எப்ப சொன்ன?"

நான் யோசித்தேன். எதையும் திகதி சொல்லக்கூடிய எனக்கு இதற்குத் திகதி இல்லை. அவரிடம் நான் சொல்லியிருக்கவே இல்லை.

"எந்தப் பக்கம் ரெண்டு அடி?" என்றார்.

"ஒழுங்கைப் பக்கம்."

"அங்க என்ன இரிக்கி?"

"மதில்."

"மதிலுக்கு இஞ்சால?"

என் படத்தில் மதிலுக்கு இந்தப் பக்கம் வெள்ளையாக விடப்பட்டிருந்தது. அங்கே வெளிக்குசினியின் பக்கச் சுவர் இருக்கிறது. உடுப்புத் தோய்க்கிற கல்லும் பைப்பும் இருக்கின்றன. பக்கத்து வளவுக்குப் போகும் கடப்பு, அதாவது மதிலில் விட்ட ஒரு ஆள் நுழையும் இடைவெளியும் அங்கேதான். ஒழுங்கையில் இறங்காமல் பெண்கள் ஒரு வீட்டிலிருந்து மறுவீட்டுக்குப் போய்வரும் வழி அது. என் மாமியார் கணவர் இறந்து இத்தாவில் வீட்டோடு இருந்தபோது சகோதரிகள் வந்து போனதும் அந்தக் கடப்பால்தான். இருபத்தெட்டு வருடங்களாக நான் அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். கீறும்போது அது ஒரு இடமாக எனக்குத் தோன்றவில்லை.

"குடுக்க மாட்டன் எண்டு நான் சொல்லல்ல," என்றார் என் மனைவி. "எண்ட ஊட்டில ரெண்டு அடிய நீங்க குடுத்திட்டு வந்திரிக்கீங்க. அது எனக்கு அந்தப் பாண்டிருப்புப் புள்ள வாசிக்கக் கேட்டுத்தான் தெரிய வந்த. கர்ட்டினுக்குப் பின்னால நிண்டு எனக்கு வெக்கமாப் போச்சி. மத்தவளுகளும் நிண்டாளுகள்."

வயல் பக்கம் வேலை செய்த காலத்தில், போகத் தொடக்கத்தில் நடக்கும் பயிர்ச்செய்கைக் கூட்டங்களுக்குப் போயிருக்கிறேன். வயலுக்குச் சொந்தக்காரர் கை தூக்காமல் ஒரு மடையைக்கூடத் திருப்ப விடமாட்டார்கள்; கத்திக் கதைத்து, சண்டை பிடித்து, பொழுதுபட்டாலும் விடமாட்டார்கள். நான் மேசையில் படத்தை விரித்து வைத்துக்கொண்டு இந்த ஆட்களுக்கு நேரத்தின் அருமை தெரியாதென்று மனதுக்குள் சலித்திருக்கிறேன். என் ஒழுங்கையில் கூட்டம் ஒரு தேத்தண்ணி ஆறுவதற்குள் முடிந்தது. அதையும் நான் பெருமையாக நினைத்தேன்.

பிறகு பெண்கள் கூடினார்கள். ஒரு சனிக்கிழமை காலை, கடைசி வீட்டில். எங்களைக் கூப்பிடவில்லை. ஒரே அமர்வில் இணங்கிவிட்டார்கள் என்று மனைவி வந்து சொன்னார். சில இடங்களில் கானை மதிலுக்கு வெளியே நெருக்கி, கடப்புகளையும் தோய்க்கிற கல்லையும் தொடாமல் வளைக்க வேண்டும் என்பது மட்டும் அவர்களுடைய திருத்தம். நான் படத்தைத் திரும்பக் கீறினேன்.

ஆனால் நாட்கள் போய்விட்டிருந்தன. உறுதிகளில் சில இன்னும் மௌத்தாகி அடக்கப்பட்ட தாய்மாருடைய பெயரில் கிடந்தன. ஒன்று வங்கியில் அடகில் இருந்தது. ஒரு உரிமையாளர் மகனோடு துபாயில் இருந்தார். இவை முதற் கூட்டத்திலேயே தெரிய வந்திருந்தால் எத்தனை நாள் மிஞ்சியிருக்கும் என்று கணக்குப் பார்த்து வைத்திருக்கிறேன். அந்தக் கணக்கை இங்கே எழுத எனக்கு விருப்பமில்லை. மாரி வந்தது. வெட்டுகிற மெசின் வரவில்லை.

நவம்பரில் ஒரு வியாழக்கிழமை இரவு தொடங்கிய மழை வெள்ளி காலை முழுவதும் பெய்து, ஜும்ஆவுக்குப் பாங்கு சொன்ன பிறகுதான் ஓய்ந்தது. அன்றுதான் சம்மாந்துறையிலிருந்து வருகிறார்கள். மழை விட்டாலும் எங்கள் ஒழுங்கையில் தண்ணீர் விடுவதில்லை. முற்றங்களிலிருந்து ஓட்டைகளால் வடிந்து கீழே போய்ச் சேர இன்னும் நேரம் எடுக்கும். கடைசி வீட்டில் தண்ணீர் ஏறுவது மழை விட்ட பிறகுதான். என் குறிப்புகளில் இது பல வருடங்களாக இருக்கிறது.

ஜும்ஆ முடிந்து நான் வீட்டுக்கு வந்தபோது வாசற்கதவு பூட்டியிருந்தது. சமைக்கவும் பரிமாறவும் மனைவி கடைசி வீட்டுக்குப் போயிருந்தார். கேற்றைத் திறந்தால், கேற்றடிக் கட்டுக்கு உள்ளே முற்றத்தில் கணுக்காலுக்கு மேல் தண்ணீர். இருபத்தெட்டு வருடங்களில் எங்கள் முற்றத்தில் அப்படித் தண்ணீர் நின்று நான் பார்த்ததில்லை. முற்றத்தின் பக்கத்தில் நான் எழுதுகிற அறை இருக்கிறது. பிறகு சேர்த்துக் கட்டியது என்பதால் அதன் தரை கொஞ்சம் தாழ்வு. தண்ணீர் அதன் படியைத் தொட்டுக்கொண்டிருந்தது. கீழ்த்தட்டில் என் மழைக் குறிப்புகள், பழைய வரைபடங்கள், புத்தகங்கள்.

மதிலடி ஓட்டையைப் பார்த்தேன். யாரோ பழைய துணிகளைச் சுருட்டி அடைத்து, அதன்மேல் மணல் நிரப்பிய உரச் சாக்கொன்றை வைத்திருந்தார்கள். பிள்ளைகளின் குறும்பு என்று நினைத்தேன். சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு சாக்கை இழுத்தேன், துணியைப் பிடுங்கினேன். தண்ணீர் பெரிய சத்தத்தோடு வெளியேறியது. படியிலிருந்து தண்ணீர் இறங்குவதை நின்று பார்த்தேன். உள்ளே போய், கையைத் துடைத்துக்கொண்டு, நேரத்தைக் குறித்தேன்: "முற்றத்தில் நீர்த் தேக்கம். ஓட்டை அடைபட்டிருந்தது. அகற்றினேன்."

பிறகுதான் கேற்றடிக்கு வந்து ஒழுங்கையைப் பார்த்தேன். மேலே ஒரு கேற்றினூடாக மதிலடியில் சாக்கு தெரிந்தது. அதற்குக் கீழே இன்னொன்று. ஒரு வீட்டில் சாக்குக் கிடைக்காமல் அரிசிப் பையும் அதன்மேல் அம்மிக்கல்லும். ஒழுங்கை முழுவதும் எல்லா ஓட்டைகளும் அடைக்கப்பட்டிருந்தன. ஒவ்வொரு கேற்றடிக் கட்டுக்கு அப்பாலும் உள்ளே மினுங்கும் தண்ணீர் தெரிந்தது. ஆண்கள் பள்ளியில் இருந்த நேரத்தில், ஒவ்வொரு பெண்ணும் தன் தண்ணீரைத் தன் வளவுக்குள்ளேயே நிறுத்தியிருந்தார். விருந்தாளிகள் வந்து போகும் வரைக்கும் தம் முற்றத்தையும் குசினியையும் மழைக்குக் கொடுத்திருந்தார்கள். பெய்த மழையைப் பெய்த இடத்திலேயே தேக்கி வைத்தல். நான் வாசித்து அடிக்கோடு போட்டு வைத்திருந்த விடயம்.

என் தண்ணீர் மட்டும் ஒழுங்கையால் ஓடிக்கொண்டிருந்தது.

அதன் பின்னால் நடந்தேன். ஓடியிருக்க வேண்டும், வயதும் வழுக்கலும் விடவில்லை. கடைசி வீட்டுக் கேற் திறந்திருந்தது. வாசலில் ஒரு வான் நின்றது. உள்ளே மண்டபத்தில் சகன் தட்டங்களில் சோறு வைத்திருந்தார்கள், கதையும் சிரிப்பும் கேட்டது. தண்ணீர் எனக்கு முன்னால் கேற்றுக்குள் போய், முற்றத்தில் பரந்து, முதல் படியை ஏறி, கழற்றி வைத்திருந்த செருப்புகளை ஒவ்வொன்றாக நகர்த்தத் தொடங்கியது.

தண்ணீர்ச் செம்போடு வெளியே வந்த மகள் அதைக் கண்டு நின்றுவிட்டாள். அவள் ஆகாயத்தைப் பார்த்தாள். மழை இல்லை. என்னைப் பார்த்தாள்.

"பெரியவாப்பா, இந்தத் தண்ணி எங்கரிந்து வருகுது?"

"மழைத் தண்ணி மகள்," என்றேன்.

உள்ளிருந்து என் மனைவி எட்டிப் பார்த்தார். என் மடித்துக் கட்டிய சாரத்தையும் சேறு பட்ட கைகளையும் பார்த்தார். உள்ளே போய் ஒரு விளக்குமாறோடு வந்து படியில் நின்று தண்ணீரைத் தள்ளத் தொடங்கினார். மச்சியும் வந்தார். இன்னும் இரண்டு பெண்கள் வந்தார்கள். விளக்குமாறுகளின் சத்தம் மட்டும் கேட்டது.

பையனின் தாய் கை கழுவிவிட்டு வாசலுக்கு வந்தபோது இரண்டாம் படி வரை தண்ணீர். அவர் அபாயாவைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மிதக்கும் செருப்புகளுக்குள் தன்னுடையதைத் தேடினார். "பரவால்ல, மழைக்காலந்தானே," என்றார். "எங்கட ஊரில வயலுக்குத் தண்ணி வரல்ல எண்டுதான் சண்டை." எல்லோரும் கொஞ்சம் சிரித்தார்கள். மச்சியும் சிரித்தார். நான் அந்தப் பெண்மணிக்குச் செருப்பை எடுத்துக் கொடுத்தேன். அன்று நான் செய்த ஒரே பிரயோசனமான வேலை அது.

வீட்டுக்கு வந்த பிறகு மனைவி நனைந்த தரையைத் துடைத்தார். நான் அறை வாசலில் நின்றேன்.

"எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிரிக்கலாமே," என்றேன்.

"எடுத்தன். போன் ஓஃப்."

பள்ளியில் குத்பா பிரசங்க நேரத்தில் நிறுத்தியதை நான் திரும்பப் போட்டிருக்கவில்லை.

துணியைப் பிழிந்துகொண்டே அவர் கேட்டார்: "எத்தின புத்தகம் நனஞ்ச?"

"ஒண்டும் நனையல்ல."

"அப்ப சரி," என்றார். அந்தச் சொல்லில் குத்தல் இல்லை. உண்மையிலேயே அவருக்கு நிம்மதி. அதனால்தான் அது எனக்குத் தாங்க முடியாமல் இருந்தது.

சில வாரங்களுக்குப் பிறகு சம்மாந்துறையிலிருந்து இடையாள் மூலம் சொல்லியனுப்பினார்கள். மகன் ஊரோடு இருந்தால் நல்லதென்று குடும்பத்தில் நினைக்கிறார்களாம், குறை நினைக்க வேண்டாமாம். தண்ணீரைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. கட்டாரிலிருந்து மச்சியின் கணவர் எனக்குத் தொலைபேசி எடுத்து, "மச்சான், கான் வேலை என்ன மாதிரி?" என்று மட்டும் கேட்டார். அன்றைய தண்ணீர் எங்கிருந்து வந்ததென்று அவருக்கு ஒருவரும் சொல்லவில்லை என்று விளங்கிக்கொண்டேன். நானும் கானைப் பற்றி மட்டும் சொன்னேன்.

வடிகான் இந்த ஆண்டு வெயில் காலத்தில் வெட்டி முடிந்தது. கடைசி வீட்டைத் தாண்டி, உயர்த்திய கரைக்குக் கீழால் குழாய் போட்டுத் தோணாவுக்குள் விட்டிருக்கிறது. வேலை தொடங்கிய நாளில் பாண்டிருப்பு மிஸ் உரிமையாளர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். ஒவ்வொருவராக வந்து தத்தம் மதிலடியில் நின்றார்கள். அந்தப் பெயர்களில் சிலவற்றை நான் அன்றுதான் முழுதாகக் கேட்டேன். அதுவரை அவர்கள் எனக்கு இன்னாருடைய பெண்சாதி, இன்னாருடைய தாய்.

இப்போது ஒழுங்கைக் கூட்டம் கீழே மதரஸா மண்டபத்தில், பெண்களும் இருக்க நடக்கிறது. குறிப்பு எழுதுவதிலிருந்து நான் விலகிக்கொள்கிறேன் என்றேன். மரைக்காரின் மனைவி விடவில்லை. "நீங்களே எழுதுங்க காக்கா. உங்கட எழுத்து வடிவு. எழுதினாப் பொறகு எங்களுக்கு ஒருக்கா வாசிச்சுக் காட்டுங்க." வாசித்துக் காட்டுகிறேன். சில வாக்கியங்களை வெட்டச் சொல்கிறார்கள். நிலைபேறான என்ற சொல் வந்தால் மரைக்கார், "இந்தா, மச்சான்ட மழை துவங்கிற்று" என்கிறார். நான் வெட்டிவிடுகிறேன்.

முதல் குறிப்பை வெட்டவில்லை. அது கோப்பில் அப்படியே இருக்கிறது. அதன் கீழே, வந்திராதவர்கள் என்று தலைப்பிட்டு உறுதிகளில் உள்ள பெயர்களை எழுதியிருக்கிறேன். கடைசிப் பெயர் மச்சியுடையது. வெள்ளிக்கிழமைகளில் அவர் வீட்டிலிருந்து எங்களுக்கு இப்போதும் ஏதாவது வரும். போன கிழமை கட்லட் வந்தது. மனைவி ஒரு பீங்கானில் போட்டு என் மேசையில் வைத்தார். மகளுக்கு வேறு சம்பந்தம் ஒன்றும் இன்னும் கைகூடவில்லை. முதல் மழை வரட்டும், முதலில் ஊட்டைப் பாப்பம் என்று மச்சி சொல்கிறாராம்.

நான் உறுதிப்படுத்தாத ஒரு விடயம் இருக்கிறது. அன்று நான் கடைசி வீட்டிலிருந்து திரும்பி வரும்போது, மரைக்கார் வீட்டு மதிலடியிலும் சாக்கு ஓட்டையை விட்டு ஒதுங்கிக் கிடந்தது. அவர் முற்றத்தில் தண்ணீர் வடிந்திருந்தது. நான் போகும்போது அது எப்படி இருந்ததென்று எனக்கு நினைவில்லை, பார்க்கவில்லை. அவரும் பள்ளியிலிருந்து வந்து என்னைப் போலவே இழுத்தாரா, அல்லது தண்ணீரின் பாரத்தில் சாக்குத் தானாகச் சரிந்ததா, அல்லது விருந்தாளிகள் போன பிறகு அவருடைய மனைவி எடுத்தாரா என்பது தெரியாது. என் முற்றத்தின் பரப்பையும் அன்றைய தண்ணீரின் ஆழத்தையும் வைத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு முறை, என் தண்ணீர் மட்டும் இரண்டாம் படிக்கு ஏறியிருக்காது என்று வந்தது. ஒழுங்கையின் சரிவைத் திரும்ப அளந்து போட்டபோது ஏறியிருக்கும் என்று வந்தது. மரைக்கார் எதிர்வீட்டில்தான் இருக்கிறார், தினமும் ஸலாம் சொல்கிறோம். கேட்டால் சொல்லிவிடுவார், அதில் ஒரு பகிடியும் விடுவார். நான் கேட்கவில்லை. ஆகவே மச்சியின் படியில் ஏறியது என் வளவுத் தண்ணீர் மட்டும்தானா என்பது, இதை எழுதும் இன்றுவரை, உறுதிப்படுத்தப்படாத தகவல்.